கொஞ்சம் கூடியிருக்காம்

1

போன வாரம் ஒரு நர்ஸ் போனில் என்னோடு சண்டைக்கு வந்துவிட்டாள். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. அவள் நாலாம் மாடி வார்டில் இருக்கிறவள். நான் அதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத லாபில் இருக்கிறவள். அவளுடைய நோயாளி ஒருவரின் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. கூப்பிட்டு, பெயர், பிறந்த தேதி, முடிவு எல்லாம் சொன்னேன். "சரி சரி, கிடைத்துவிட்டது" என்றாள். "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்றேன். "கிடைத்துவிட்டது என்கிறேனே, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று சீறினாள். நானும் விடவில்லை. திருப்பிச் சொன்னால்தான் போனை வைப்பேன் என்று நின்றேன். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஒரு பிழையும் இல்லாமல் சரியாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் டமார் என்று போனை வைத்தாள்.

ஊரில் இருக்கிற நீங்கள் எல்லோரும், சரசு கனடாவில் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு கிருமி தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த வேலையை இப்போது மெஷின் செய்கிறது. என் வேலையில் பாதி, சேதி சொல்வது. ஒருவருடைய ரத்தம் எந்தக் குழாயில் இருக்கிறது, முடிவு யாருக்குப் போகவேண்டும், போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. சாதாரண முடிவென்றால் கம்ப்யூட்டரில் தானாகப் போய்விடும். ஆளைக் கொல்லக்கூடிய முடிவு வந்தால் கம்ப்யூட்டரை நம்பக் கூடாது. ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குப் போன் போட்டு, வாயால் சொல்லி, கேட்டவர் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். இதுதான் சட்டம்.

நான் போனை வைத்ததும் பக்கத்து மேசை லோர்னா சிரித்தாள். அவள் பிலிப்பைன்ஸ்காரி, என்னைவிட ஒரு வயது இளையவள், எனக்கு மேலதிகாரி. "இது நம்ம சரசுதானா? யெஸ் யெஸ் சரசுவா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அவளுக்குக் காரணம் தெரியாது. சரியாகப் போன வருடம் இதே ஜூலை மாதத்தில்தான் என் அக்கா விஷயம் நடந்தது. அதை லோர்னாவுக்கு இங்கிலீஷில் சொல்லி மாளாது. எங்கே ஆரம்பித்தாலும் தோட்டத்து லயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், பெரட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், பொழுது விடிந்துவிடும். உங்களுக்கென்றால் பாதி சொன்னாலே போதும்.

2

"யெஸ் யெஸ் சரசு" என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

இங்கே வந்த புதிதில் யார் என்ன சொன்னாலும் "யெஸ்" என்பேன். புரிந்தாலும் யெஸ், புரியாவிட்டாலும் யெஸ். என் படிப்பை இந்த நாட்டில் ஏற்றுக்கொள்வதற்காக ஒரு அலுவலகத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். அங்கே இருந்த அம்மாள், நான் பிறந்த இடத்தின் முகவரியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். தெருப் பெயர் இல்லை. கீழ் டிவிஷன், இத்தனையாம் நம்பர் லயம், இத்தனையாம் காம்பரா. தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்த எங்கள் எல்லோருடைய முகவரியும் அப்படித்தானே. அவள் என்னவோ நீளமாகக் கேட்டாள். நானும் மரியாதையாக "யெஸ்" என்றேன். சில வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நான் ராணுவத்திலிருந்து விலகியதற்கான சான்றிதழை உடனே அனுப்பவேண்டுமாம்! அடக் கடவுளே. டிவிஷன், லயம், காம்பரா எல்லாவற்றையும் பார்த்து அந்த அம்மாள் இது ராணுவ முகாமா என்று கேட்டிருக்கிறாள். நானும் ஆமாம் என்றிருக்கிறேன்.

அந்தச் சிக்கலை அவிழ்க்க மாதக்கணக்கானது. அதுவரை ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டினேன். கடைசியில் அந்த அலுவலகத்தில் மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர்தான் காப்பாற்றினார். "நீங்கள் ஊரில எவடம்?" என்று கேட்டார். ஹட்டன் பக்கம் என்றேன். "ஓ, மலைநாடோ? நல்ல குளிர், என்ன?" என்றவர், உள்ளே போய் அந்த அம்மாளுக்குத் தேயிலைத் தோட்டம் என்றால் என்ன என்று பாடம் எடுத்துவிட்டு வந்தார். வெளியே வந்து என்னைத் திட்டவும் செய்தார். "விளங்காட்டி விளங்கேல்ல எண்டு சொல்லுங்கோவன். ஏன் தலையாட்டுறீங்கள்?"

ஏன் தலையாட்டினேன்? எங்கள் அம்மாவும் அப்பாவும் காலையில் பெரட்டுக்குப் போய் நிற்பார்கள். அங்கேதான் அன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்று மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா சொல்வார். சொன்னதும் எல்லோரும் "சரிங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். எந்த மலை என்று சரியாகக் கேட்கவில்லை என்றால் முன்னே போகிறவர்களின் பின்னால் போவார்கள். திருப்பிக் கேட்டால், "என்னா, பெரிய ஆளா?" என்று வரும். அந்தச் "சரிங்க"வுக்கு விளங்கியது என்று அர்த்தம் இல்லை. உங்கள் குரல் காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம். அது ரத்தத்தில் ஊறியது. படித்து, பரீட்சை எழுதி, வெள்ளைக் கோட்டுப் போட்டு, கடல் தாண்டி வந்த பிறகும் என் வாயிலிருந்து அதுதான் முதலில் வந்தது.

லாபில் சேர்ந்த முதல் மாதம் லோர்னா அதை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, நான் "யெஸ்" என்றதும், கையைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்பாள். "யெஸ்ஸை நீயே வைத்துக்கொள். நான் சொன்னதைக் கொடு" என்பாள். அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை.

3

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் தள்ளி நின்று பார்த்தால்தான் இது எவ்வளவு விசித்திரம் என்று தெரிகிறது.

நம் பக்கம் கெட்ட சேதியை யாரும் நேரே சொல்வதில்லை. ஒரு படி இறக்கித்தான் சொல்வோம். ஆள் செத்துப்போனால், "கொஞ்சம் சீரியஸ், பொறப்பட்டு வாங்க" என்போம். உண்மையிலேயே சீரியஸ் என்றால், "கொஞ்சம் சொகமில்ல" என்போம். கொஞ்சம் சுகமில்லை என்றால், "ஒண்ணுமில்ல, நல்லாருக்காங்க." கேட்கிறவர்களுக்கும் கணக்குத் தெரியும். ஒரு படி ஏற்றிப் புரிந்துகொள்வார்கள். "சீரியஸ்" என்ற சொல் காதில் விழுந்த உடனே எங்கள் சித்தி ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். சேதி கொண்டுவந்தவர் பதறிப்போய், "நான் செத்துட்டாருன்னா சொன்னேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், பாவம். 'சீரியஸ்' ஆன மனிதர் செத்துத்தான் போயிருந்தார்.

இந்தக் கணக்கு என் மகள் நிவேதாவுக்குத் தெரியாது. அவள் இங்கே பிறந்தவள். கொத்மலையில் என் மாமனார் இறந்தபோது அவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும். என் வீட்டுக்காரர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "தாத்தா கொஞ்சம் சீரியஸ்மா" என்றார். அவள் உடனே போய்க் கலர் பென்சில் எடுத்து, சீக்கிரம் குணமாகுங்கள் தாத்தா என்று இங்கிலீஷில் எழுதி, பூ வரைந்து, உறைக்குள் போட்டுக்கொண்டு வந்து தபாலில் அனுப்பச் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். உண்மையைச் சொன்னபோது அவள் தாத்தாவுக்காக அழவில்லை. "ஏன் பொய் சொன்னீங்க?" என்றுதான் அழுதாள்.

இப்போது பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். எதையும் முகத்துக்கு நேரேதான் சொல்வாள். "அம்மா, எனக்கு இப்ப உங்க மேல கோபம்" என்று அறிவித்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். கோபம் என்றால் பாத்திரத்தை நங்கென்று வைக்கத் தெரியாதா இந்தப் பிள்ளைக்கு என்று எனக்குத் தோன்றும். நான் பாத்திரத்தை நங்கென்று வைத்தால் அவள், "சத்தம் போடாம வைங்கம்மா" என்கிறாள். வைத்ததே அவளுக்காகத்தான் என்பது விளங்குவதில்லை.

4

இப்போது அக்கா.

பெயர் பாக்கியம். டிக்கோயாப் பக்கம் நாங்கள் பிறந்த அதே தோட்டத்தில்தான் இன்னும் இருக்கிறாள். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கொழும்பில் கடையில் வேலை. மருமகள் சுமதி தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு ஊர் என்றால் அக்காதான். சீனி வருத்தம் என்கிற சர்க்கரை வியாதி, பிரஷர் இரண்டுக்கும் மருந்து எடுக்கிறவள்.

அன்றைக்குச் சனிக்கிழமை. இங்கே காலை, அங்கே பொழுது சாய்கிற நேரம். வழக்கம்போல நான்தான் கூப்பிட்டேன். வீடியோவில் அக்கா முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. பின்னால் தகரத்தில் மழை அடிக்கிற சத்தம்.

"என்னாக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லடி. காலு ரெண்டும் தொவண்டு தொவண்டு போகுது. மழைக்குத்தான். டவுன்ல ரத்தம் குடுத்தேன்ல, அந்த லாபுல இருந்து போன் வந்துச்சாம். ஏதோ கொஞ்சம் கூடியிருக்காம். அடுத்த கிளினிக்குக்குப் போறப்ப காட்டச் சொன்னாங்களாம்."

"என்னா கூடியிருக்கு?"

"எனக்கு என்னா தெரியும்? சீனியா இருக்கும்."

"யாருகிட்ட சொன்னாங்க?"

"நம்ம சந்திரன்கிட்ட. மழைன்னா இங்க டவர் கெடைக்காதுல்ல, அதான் அவன் நம்பர எழுதிக் குடுத்தோம்."

சந்திரன் ஆட்டோ ஓட்டுகிற பையன். தோட்டத்துக்கும் டவுனுக்கும் நடுவில் சேதி, சாமான், ஆள் எல்லாம் அவன் ஆட்டோவில்தான் போகும். பாதி லயத்துக்கு அவன் நம்பர்தான் தொலைபேசி எண்.

கொஞ்சம் கூடியதற்காக எந்த லாபும் போன் போடாது. அது எனக்குத் தெரியாதா? போன் போடுகிறவளே நான்தானே.

சுமதியைக் கூப்பிடச் சொன்னேன். அவள் போனோடு வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். "ரெண்டொரு நாள்ல டொக்டருகிட்ட காட்டினா நல்லதுன்னுதாங்க சந்திரன் அண்ணன் சொன்னாரு, சின்னத்தை. அத்தை பயந்துருவாங்கன்னு நான்தான் கிளினிக்குன்னு சொன்னேன்."

ஒரு படி ஏறியாயிற்று. உடனே சந்திரனைக் கூப்பிட்டேன்.

"அக்கா! எப்படிங்க இருக்கீங்க? அங்க ஐஸ் கொட்டுதா?"

"ஜூலை மாசத்துல என்னா ஐஸ்? லாபுல இருந்து என்னா சொன்னாங்க சந்திரன்?"

"ஒண்ணுமில்லக்கா, பயப்படாதீங்க."

"நான் பயப்படல. அந்தப் பொண்ணு சொன்னத அப்படியே சொல்லுங்க. கூட்டாம கொறைக்காம."

"அது... எப்படிங்கக்கா சொல்றது..."

"வாயத் தொறந்து சொல்லுங்க சந்திரன்!"

நான் கத்திய கத்தலில் மாடியிலிருந்து நிவேதா இறங்கி வந்துவிட்டாள்.

சந்திரன், யாரோ கையைப் பிடித்து இழுத்ததுபோல, மெல்லச் சொன்னான். "பொட்டாசியம்னு ஏதோ ஒண்ணாம். ஏழுன்னு சொன்னுச்சுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போங்க, லேட்டானா ஹார்ட் நின்னுரும்னு சிங்களத்துல சொன்னுச்சு. எனக்கு நல்லா வெளங்குச்சு. நான் 'ஹரி மிஸ்', சரிங்கன்னு சொல்லிட்டு வச்சேன். ஆனா லயத்துல போயி அத எப்படிங்க சொல்றது? வயசான மனுசி. கேட்ட எடத்துலயே ஏதாச்சும் ஆயிட்டா நான் என்னாங்க பண்ணுவேன்?"

அவனைத் திட்ட வாய் வரவில்லை. சந்திரன் முட்டாளும் இல்லை, கெட்டவனும் இல்லை. நம் ஊரில் நல்ல பிள்ளைக்கு எப்படி நடக்கத் தெரியவேண்டுமோ அப்படித்தான் நடந்தான். சுமதியும் அப்படித்தான். அக்காவும் அப்படித்தான். லாப் பெண் "இப்பவே" என்றாள். சந்திரன் வாயில் அது ரெண்டொரு நாளானது. சுமதி வாயில் அடுத்த கிளினிக் ஆனது. அக்கா என்னிடம் "ஒண்ணுமில்லடி" என்றாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஆளுக்கு ஒரு படி, அன்பாக இறக்கி இறக்கி, கடைசியில் என் அக்கா செத்துப்போகக்கூடிய சேதி மழைக்குக் கால் துவளுகிற சேதியாகிவிட்டது. லாபிலிருந்து போன் வந்தது நடுப்பகலில்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் வந்தது. பொட்டாசியம் கொஞ்சம் வஞ்சகமான சாமான். ரத்தம் எடுத்த குழாய் அதிகம் குலுங்கினாலோ, நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தாலோ, பொய்யாகவே கூட்டிக் காட்டும். இங்கேயென்றால் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வேன். அங்கே அந்த லாபுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. பூட்டிவிட்டார்கள் போல. கிழவியைப் பொய்க்குப் பயமுறுத்துகிறேனோ என்று ஒரு நிமிடம் தடுமாறினேன். பொய்யாக இருந்தால் ஒரு ராத்திரிப் பயத்தோடு போகும். நிஜமாக இருந்து நான் பேசாமல் விட்டால்?

சந்திரனிடம் ஆட்டோவை எடுத்துக்கொண்டு மேலே போகச் சொல்லிவிட்டு, அக்காவை மறுபடி கூப்பிட்டேன்.

"அக்கா, கேளு. ஒனக்கு ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப கூடியிருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இல்லாட்டி நெஞ்சு நின்னு போயிரும்."

"அட போடி. இந்த மழையிலயா? ரோடெல்லாம் சேறு. நாளைக்குக் கோயில்ல பூசை இருக்கு. திங்கக்கெழம போறேன்."

"திங்கக்கெழம இல்ல. இப்ப. சந்திரன் வந்துகிட்டு இருக்காரு."

"சரி சரி, போறேன். நீ கத்தாத."

அந்தச் "சரி" எனக்குத் தெரியும். பெரட்டில் கேட்ட "சரி" அது.

"சரி வேணாம்கா. நான் சொன்னத திருப்பிச் சொல்லு."

சிரித்துவிட்டாள். "என்னாடி இது, பள்ளிக்கூடமா?"

"சிரிக்காத. திருப்பிச் சொல்லு."

"ரத்தத்துல அது... அந்த என்னாமோ கூடியிருக்கு."

"கொஞ்சமா?"

"ரொம்ப."

"ரொம்ப கூடினா என்னாகும்?"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. என் அக்காவிடம் இப்படிப் பேசுகிறேனே என்று இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"என்னாகும்கா? நீயே சொல்லு."

"நெஞ்சு..." என்றாள். "நெஞ்சு நின்னு போயிரும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது போலிருந்தது. முகம் மாறியது. சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "நெசமாவா சரசு? நின்னு போயிருமா?"

"நெசந்தான்க்கா. இப்பவே போனா காப்பாத்தலாம்."

அக்கா திரும்பி, "சுமதி, அந்தச் சால்வைய எடு" என்றாள்.

5

ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொய் இல்லை. நெஞ்சுக்கு வைத்துப் பார்க்கிற மெஷினிலும் கோடு கோணலாக வந்திருக்கிறது. உடனே ஊசி போட்டு, சேலைன் ஏற்றினார்கள். சிறுநீர் எரிச்சலுக்கு நல்லது என்று யாரோ சொல்லி, அக்கா தினமும் தம்பிலி குடித்திருக்கிறாள். ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகத்துக்கு அந்த இளநீர் விஷமாகியிருக்கிறது. அதையும் டொக்டர் தோண்டித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாளாம்.

அதுவரைக்கும் இங்கே நான் சமையலறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிவேதா காப்பி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லம்மா" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கிட்டயும் நீங்க எல்லாத்தையும் கொறச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டாள். தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டேன். ஒருவேளை அவளுக்கு விளங்கியிருக்கும்.

சந்திரன் ஆஸ்பத்திரியைவிட்டுப் போகவில்லை. அவனே கூப்பிட்டான். "அக்கா, கூட்டாம கொறைக்காம சொல்றேன். கோடு இன்னும் சரியாகலையாம். மருந்து ஏறிக்கிட்டு இருக்கு. இப்ப ஒண்ணும் சொல்ல ஏலாதுன்னு டொக்டர் சொன்னாரு." அவனுக்கு அப்படிச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மறுநாள்தான் கோடு சரியானது. அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

இதையெல்லாம் எழுதுவதால், நம் ஆட்களுக்குப் பேசத் தெரியாது, வெள்ளைக்காரனுக்குத்தான் தெரியும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எனக்கு அந்தத் திமிர் இல்லை. இந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வாசலில் ஒரு மனிதர் தனியாக நின்று, போனில் வந்த பரிசோதனை முடிவைப் படித்துவிட்டு, அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். முடிவு ஒரு பிழையும் இல்லாமல் அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. நம் லயத்தில் அது நடக்காது. "கொஞ்சம் சொகமில்ல" என்று சேதி வந்தவுடனே பக்கத்துக் காம்பராக்காரி அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள். இன்னொருத்தி பிள்ளைகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவாள். முழு உண்மை வந்து விழுகிறபோது தாங்கிப் பிடிக்கச் சுற்றிலும் கை இருக்கும். அந்தக் கைகள் வந்து சேர்வதற்குத்தான் நாம் படிப்படியாகச் சொல்கிறோம் என்று இப்போது நினைக்கிறேன். சாவுக்கு அது போதும். செத்தவர் எங்கேயும் போகப்போவதில்லை, காத்திருப்பார். பொட்டாசியம் காத்திருக்காது.

6

முந்தாநாள் அக்கா கூப்பிட்டாள். இத்தனை வருடத்தில் அவளாகக் கூப்பிட்டதே இல்லை. நான்தான் கூப்பிடுவேன். பேர் திரையில் விழுந்ததும் எனக்குப் பக்கென்றது.

எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று ஒன்றும் கேட்கவில்லை. நேரே ஆரம்பித்தாள்.

"சரசு, டொக்டர் சொன்னத அப்படியே சொல்றேன், கேட்டுக்க. கிட்னி ரெண்டும் வேலை செய்யிறது நின்னுகிட்டு வருதாம். இனிமே மருந்து பத்தாதாம். வாரா வாரம் ரெண்டு தடவ நுவரெலியாவுக்குப் போயி மெஷின்ல ரத்தத்த சுத்தம் பண்ணணுமாம். அது பண்ணாட்டி ரொம்ப நாள் இல்லையாம். பண்ணினாலும் எவ்வளவு நாளுன்னு சொல்ல ஏலாதாம். இவ்வளவுதான் சொன்னாரு. நான் மறுபடி ஒரு தடவ கேட்டுட்டுத்தான் வந்தேன்."

ஒரு சொல்லைக்கூட அவள் இறக்கவில்லை. நான் வேலையில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இப்படிப்பட்ட சேதிகளைச் சொல்கிறவள். என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? எந்த நிலையில் இருக்கிறாள் என்று அவள் சொன்ன உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"ஒண்ணுமில்லக்கா. இதெல்லாம் இப்ப சாதாரணம். எத்தனையோ பேரு பண்ணிக்கிட்டு நல்லா இருக்காங்க."



"அடியே," என்றாள். "நான் கொறைக்காமத்தான சொன்னேன்? நீ ஏன் கொறைக்கிற?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. "எனக்குப் பயமா இருக்குக்கா" என்றேன். அவளிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும் பயமாத்தான்டி இருக்கு" என்றாள்.

பிறகு எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அந்த மெஷின் எப்படி வேலை செய்யும், கையில் எங்கே குத்துவார்கள், அன்றைக்கு முழுக்க எப்படி அசந்துபோகும், எது சாப்பிடக் கூடாது, எது நடந்தால் உடனே ஓடவேண்டும், எது யாருக்குமே தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுநடுவே, "ம், அப்புறம்?" என்றாள். ஒன்றுக்கும் சரி என்று சொல்லவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, "நான் வரட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அத்தான் செத்தபோது கேட்டேன், மகன் கல்யாணத்துக்குக் கேட்டேன், போன வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். "எதுக்குடி அலையிற? நான் நல்லாத்தான் இருக்கேன். நீ ஒன் வேலையப் பாரு." நானும் அதை நம்பி, அல்லது நம்புகிற மாதிரி இருந்து, வேலையைப் பார்த்தேன்.

இந்த முறை அவள் யோசிக்கவே இல்லை.

"வாடி," என்றாள். "நான் இருக்கும்போதே வா."